மருந்து தோற்கும் முன்பே: மெக்கொங் மலேரியாவும் மரபணுக் கண்காணிப்பும் – ஒரு நிகழ்வு ஆய்வு

மலேரியா மருந்து ஒன்று இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க நெடுங்காலமாகப் பெரிதும் ஒரு வழியைத்தான் நம்பியிருந்தார்கள். நோயாளிக்கு மருந்தைக் கொடுக்க வேண்டும். 28 நாளோ 42 நாளோ அவரை விடாமல் பின்தொடர்ந்து, அடிக்கடி விரலில் குத்தி ரத்தம் எடுத்து, ஒட்டுண்ணி திரும்பி வந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் தேட வேண்டும். திரும்பி வந்திருந்தால் அது பழைய தொற்றின் மிச்சமா, புதிதாகக் கொசு கடித்து வந்ததா என்று பிசிஆர் என்ற மரபணுச் சோதனை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம்பகமான முறைதான், இன்றும் அதற்கு மாற்று இல்லை. ஆனால் மருந்து தோற்கிறது என்பதை இந்த முறை சொல்லும்போது அது ஏற்கெனவே தோற்றிருக்கும். ஓரிடத்தில் தோற்றால் பக்கத்து மாகாணத்தில் என்ன நிலை என்றும் அது சொல்லாது.

ஒட்டுண்ணியின் மரபணுக்களைப் படித்து இந்த இடைவெளியை நிரப்ப முடியுமா என்ற கேள்விக்கு உலகில் வேறெங்கும் இல்லாத அளவு தெளிவான விடை கிடைத்த இடம் மெக்கொங் ஆற்றுப் படுகை. கம்போடியா, வடகிழக்குத் தாய்லாந்து, தெற்கு வியட்நாம், தெற்கு லாவோஸ் ஆகிய பகுதிகளில் 2008க்குப் பிறகு நடந்ததைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பைலின் என்ற ஊர்

கம்போடியாவின் மேற்கு ஓரத்தில், தாய்லாந்து எல்லையை ஒட்டி இருக்கிறது பைலின். மாணிக்கக் கல்லும் நீலக்கல்லும் தோண்டி எடுக்கும் ஊர். வெளியூரிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கூலிக்கு வருவார்கள். அவர்களுக்கு மலேரியாவுக்கு எதிரான உடல் வலு இருக்காது. காட்டில் தங்கி வேலை செய்வார்கள், காய்ச்சல் வந்தால் கிடைத்த மாத்திரையைக் கிடைத்த அளவில் போட்டுக்கொள்வார்கள். 1960களின் தொடக்கத்தில் இந்த வட்டாரத்தில் மலேரியா மருந்தை உப்பில் கலந்தே வினியோகித்தார்கள். குறைந்த அளவு மருந்து, நீண்ட நாட்களுக்கு, எல்லோருடைய ரத்தத்திலும். எதிர்ப்பு வளர இதைவிட வசதியான ஏற்பாட்டைத் திட்டமிட்டே செய்திருக்க முடியாது.

குளோரோகுவின் என்ற மலேரியா மருந்துக்கு எதிர்ப்பு 1950களின் கடைசியில் இந்தத் தாய்–கம்போடிய எல்லையில்தான் தலைகாட்டியது. அடுத்து சல்ஃபடாக்ஸின்–பைரிமெத்தமின் மருந்துக்கும் அதே கதி. இந்தியாவில் குளோரோகுவின் எதிர்ப்பு முதலில் அறியப்பட்டது 1973இல், அசாமில். 1970களின் இறுதியில் அது கிழக்கு ஆப்பிரிக்காவை எட்டியது. பைரிமெத்தமின் எதிர்ப்பு ஆப்பிரிக்காவில் தானாகத் தோன்றியது என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். 2004இல் வந்த மரபணு ஆய்வு அதை மாற்றியது. அங்கே பரவியிருந்த மூன்று பிறழ்வு கொண்ட வகையின் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா. இரண்டு முறையும் ஆப்பிரிக்கா கொடுத்த விலை குழந்தைகளின் உயிர்.

அதனால்தான் 2008, 2009ஆம் ஆண்டுகளில் அதே மேற்குக் கம்போடியாவிலிருந்து, மலேரியாவுக்கு முதன்மை மருந்தாகிவிட்ட ஆர்ட்டிமிசினினும் தளர்கிறது என்ற செய்தி வந்தபோது மலேரியா உலகம் நடுங்கியது. 2009இல் வெளியான ஆய்வில், பைலின் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஒட்டுண்ணி மறைய எடுத்த நேரம் சராசரி கணக்கில் 84 மணி. தாய்லாந்தின் மேற்கு எல்லையில் உள்ள வாங் பா என்ற இடத்தில் அது 48 மணி. மருந்து வேலை செய்தது, ஆனால் மெதுவாக. அந்த மெதுவில்தான் ஆபத்து. ஆர்ட்டிமிசினின் உடலில் சில மணி நேரமே தங்கும், எனவே அதனுடன் நீண்ட நாள் தங்கும் இன்னொரு மருந்தைச் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். முதல் மருந்து மிச்சம் வைக்கும் ஒட்டுண்ணிகள் எல்லாம் இரண்டாவது மருந்தின் தலையில் விழும்.

கெல்ச்13

அடையாளம் தெரியாமல் கண்காணிக்க முடியாது. 2009இல் தெரிந்ததெல்லாம் ஒட்டுண்ணி மெதுவாக மறைகிறது என்பதுதான், எந்த மரபணுவால் என்று தெரியவில்லை. மலேரியா வகைகளில் மிக ஆபத்தானதைத் தரும் பால்சிபேரம் ஒட்டுண்ணியின் மரபணுத்தொகுதி 2002லேயே முழுதாகப் படிக்கப்பட்டிருந்தது. சுமார் 2 கோடியே 30 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள், 14 குரோமோசோம்கள், 5,000க்கு மேற்பட்ட மரபணுக்கள். இதற்குள் ஒரு எழுத்தைத் தேட வேண்டும்.

2014இல் விடை வந்தது, அதுவும் கொஞ்சம் சுற்றுவழியில். தான்சானியாவிலிருந்து எடுத்த ஒரு ஒட்டுண்ணி வகையை ஆய்வகத்தில் ஐந்து ஆண்டுகள் ஆர்ட்டிமிசினினில் வாட்டி வளர்த்து, அது எதிர்ப்புப் பெற்றதும் பழையதோடு புதியதை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார்கள். கெல்ச்13 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. கம்போடிய நோயாளிகளின் மாதிரிகளில் பார்த்தால், அதே மரபணுவில், வேறு இடங்களில் மாற்றங்கள்: சி580ஒய், ஆர்539டி, ஒய்493எச் (நடுவில் உள்ள எண் மாற்றம் நடந்த இடத்தைக் குறிக்கும்). அடுத்த ஆண்டு மரபணுத் திருத்தம் செய்து, இந்த மாற்றத்தை மட்டும் புகுத்தினாலே எதிர்ப்பு வருகிறது என்று உறுதிசெய்தார்கள்.

எப்படி என்பது 2020 வாக்கில்தான் தெளிவானது. இளம் வளையப் பருவத்தில் ஒட்டுண்ணி சிவப்பணுவின் ஹீமோகுளோபினை உள்ளிழுத்துச் செரிக்கிறது, அதில் வெளிவரும் ஹீம்தான் ஆர்ட்டிமிசினினை விஷமாக மாற்றுகிறது. கெல்ச்13 கெட்டுப்போன ஒட்டுண்ணி குறைவாகச் சாப்பிடுகிறது. சாப்பாடு குறைந்தால் விஷமும் குறைவு. மருந்து போகும்வரை அரைப்பட்டினி கிடந்து தப்பிக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது மருந்தும் போனது

கம்போடியா 2000இலிருந்து, ஆர்ட்டிமிசினின் வகை மருந்தான ஆர்ட்டிசுனேட்டோடு மெஃப்ளோகுவினைச் சேர்த்து, ஆர்ட்டிசுனேட்–மெஃப்ளோகுவின் கொடுத்து வந்தது. அதன் பலன் குறையவே, 2008இல் மேற்கு மாகாணங்களிலும், 2010 வாக்கில் நாடு முழுவதும் டைஹைட்ரோஆர்ட்டிமிசினின்–பைப்பராகுவினுக்கு மாறியது. (இனி இதைச் சுருக்கமாக டிஎச்ஏ–பைப்பராகுவின் என்கிறேன்.) அதுவும் நீடிக்கவில்லை. 2012–13இல் மூன்று மாகாணங்களில் நடந்த ஆய்வில், மருந்துக்குப் பிறகு தொற்று திரும்பியவர்கள் மேற்கே பூர்சாட்டில் ஏறக்குறைய 46%, பிரியா விஹியரில் 16%, கிழக்கே ரத்தனகிரியில் 2%. சிகிச்சைத் தோல்வி 10% தாண்டினால் சிகிச்சைக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

இந்த மூன்று எண்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மேற்கில் இருந்து கிழக்கே போகப்போக எண் சரிகிறது. ரத்தனகிரிக்காரர்கள் 2013இல் தங்களுக்கு ஆபத்து இல்லை என்று நினைத்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 2015க்கும் 2018க்கும் இடையே நடந்த அடுத்த பெரிய ஆய்வில் டிஎச்ஏ–பைப்பராகுவின் குணப்படுத்தியது ரத்தனகிரியில் 73%, மேற்குக் கம்போடியாவில் 38%, தென்மேற்கு வியட்நாமில் 47%. வடகிழக்குத் தாய்லாந்தில் வெறும் 13%. எட்டுப் பேருக்கு மருந்து கொடுத்தால் ஒருவர்தான் குணமாகிறார். அதைச் சிகிச்சை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பைப்பராகுவின் எதிர்ப்பின் அடையாளம் 2017இல் பிடிபட்டது. பிளாஸ்மெப்சின் 2, 3 என்ற மரபணுக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட நகல்களாகப் பெருகியிருந்தன. குளோரோகுவினோடு தொடர்புடைய சிஆர்டி மரபணுவில் தோன்றிய புதிய மாற்றங்களும் இதில் சேர்ந்துகொண்டன.

வந்ததா, பிறந்ததா?

என் பார்வையில் இந்த முழு நிகழ்விலும் மரபணுத் தரவு மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்வி இதுதான். ஒரு மாவட்டத்தில் எதிர்ப்பு தெரிகிறது. வெளியிலிருந்து வந்ததா, அங்கேயே பிறந்ததா? வந்தது என்றால் எல்லையிலும் ஆட்கள் போய்வரும் பாதைகளிலும் கவனம் வைக்க வேண்டும். அங்கேயே பிறந்தது என்றால் எல்லையை எவ்வளவு காத்தும் பயனில்லை, உள்ளூரில் மருந்து எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

சி580ஒய் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் இதற்கு விடை கிடைக்காது. பரீட்சையில் இரண்டு பேர் ஒரே கணக்கில் ஒரே தவறைத் தனித்தனியாகவும் செய்யலாம். ஆனால் அந்தத் தவறுக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால் காப்பியடித்தது உறுதி. கெல்ச்13ஐச் சுற்றியுள்ள எழுத்துகளை இப்படித்தான் ஒப்பிட்டார்கள்.

முதல் கட்ட விடை குழப்பமாக இருந்தது. கெல்ச்13 மாற்றங்கள் பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருந்தன. அப்படியென்றால் எல்லையில் அரண் கட்டித் தடுக்கும் திட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று பலர் கேட்டார்கள், அன்றைய தரவுக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளின் மாதிரிகள் வேறு காட்சியைக் காட்டின. பலவாகப் பிறந்தவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றை விரட்டிக்கொண்டு வளர்ந்தது. சி580ஒய் கொண்ட ஒரு குறிப்பிட்ட வம்சமும், பிளாஸ்மெப்சின் பெருகிய ஒரு குறிப்பிட்ட வம்சமும் ஒரே ஒட்டுண்ணியில் சேர்ந்திருந்தன. இதற்கு கெல்1/பிளா1 என்று பெயரிட்டார்கள். இதன் தொடக்கம் 2008 வாக்கில் மேற்குக் கம்போடியா, அதாவது டிஎச்ஏ–பைப்பராகுவின் அங்கே அறிமுகமான அதே சமயம்.

2007 முதல் 2018 வரை சேகரித்த 1,673 மாதிரிகளின் முழு மரபணுத்தொகுதியைப் படித்த ஆய்வு 2019இல் வெளியானது. 2016–17க்குள் லாவோஸ் தவிர ஆய்வு நடந்த மற்ற நாடுகளில் கெல்1/பிளா1 பாதிக்கு மேல் பிடித்திருந்தது. வடகிழக்குத் தாய்லாந்திலும் வியட்நாமிலும் 80% தாண்டிவிட்டது. சும்மா பரவவில்லை, பரவும்போதே கிளைகளாகப் பிரிந்து, சில கிளைகள் புதிய சிஆர்டி மாற்றங்களைப் பெற்று பைப்பராகுவினை இன்னும் தாங்கும் சக்தியோடு வளர்ந்தன. நாளிதழ்கள் இதற்கு ‘சூப்பர் மலேரியா’ என்று தலைப்பு வைத்தன. அந்தத் தலைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஒட்டுண்ணி நோயாளியை மற்றதைவிட மோசமாகத் தாக்குவதாகத் தெரியவில்லை, எல்லா மருந்துக்கும் அடங்காததும் அல்ல. குறிப்பிட்ட ஒரு மருந்துக் கூட்டணியை வென்றது, அவ்வளவே. இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பது அடுத்து வரும் பகுதியில் தெரியும்.

ரத்தத்துளியிலிருந்து மாகாண வரைபடம்வரை

இதுவரை சொன்னவை பெரும்பாலும் ஆராய்ச்சி. நோயாளியிடம் ரத்தம் எடுத்த நாளுக்கும் கட்டுரை அச்சான நாளுக்கும் நடுவே பல ஆண்டுகள். அதற்குள் ஒட்டுண்ணி இரண்டு மாகாணம் தாண்டியிருக்கும். இந்தத் தாமதத்தை உடைக்கத்தான் ஜென்ரீ–மெக்கொங் என்ற திட்டம் வந்தது. பாங்காக்கில் உள்ள மஹிடோல்–ஆக்ஸ்ஃபோர்டு வெப்பமண்டல மருத்துவ ஆய்வுப் பிரிவு, இங்கிலாந்தின் வெல்கம் சாங்கர் நிறுவனம், அந்தந்த நாட்டின் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டங்கள் ஆகியவை இதன் கூட்டாளிகள்.

முறை எளிமையானது. கிராம சுகாதார நிலையத்தில் ராபிட் டெஸ்ட் செய்ய எப்படியும் விரலில் குத்துவார்கள். அதே குத்தலில் வரும் சில துளிகளை வடிதாளில் விட்டு, காயவைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பைக்குள் போட்டு அனுப்ப வேண்டும். குளிர்பெட்டி வேண்டாம், ஊசி வேண்டாம், மருத்துவர்கூட வேண்டாம். தெற்கு லாவோசின் மழைக்காலச் சாலையைக் கற்பனை செய்தால் இதன் அருமை புரியும்.

சிக்கல் ஆய்வகத்தில். காய்ந்த துளியில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் மனித டிஎன்ஏ, ஒட்டுண்ணியின் பங்கு மிகச் சொற்பம். அதனால் முதலில் ஒட்டுண்ணியின் டிஎன்ஏவை மட்டும் தேர்ந்து பெருக்குகிறார்கள். பிறகு முழுத்தொகுதியையும் படிக்காமல், தேவையான இடங்களை மட்டும் படிக்கிறார்கள். ஆர்ட்டிமிசினினுக்கு கெல்ச்13, குளோரோகுவினுக்கு சிஆர்டி, சல்ஃபடாக்ஸின்–பைரிமெத்தமினுக்கு டிஎச்எஃப்ஆர், டிஎச்பிஎஸ். பிளாஸ்மெப்சின் நகல் எண்ணிக்கையைத் தனிச் சோதனையில் பார்க்கிறார்கள். இவற்றோடு, தொகுதி முழுக்கச் சிதறிக் கிடக்கும் 101 எழுத்துகளைப் படித்து ஒவ்வொரு ஒட்டுண்ணிக்கும் ஒரு பார்கோடு தயாரிக்கிறார்கள். இரண்டு மாதிரிகளின் பார்கோடு ஒத்துப்போனால் அவை நெருங்கிய உறவு.

இதன் உண்மையான கண்டுபிடிப்பு இயந்திரத்தில் இல்லை, திருப்பி அனுப்பிய தாளில் இருக்கிறது என்பேன். மலேரியா திட்ட அதிகாரிக்கு மரபணு எழுத்துகளின் கோப்பை அனுப்பினால் அவர் என்ன செய்வார்? இவர்கள் அனுப்பியது ஒரு அட்டவணை. ஒவ்வொரு மாதிரியும் எந்த மருந்துக்கு எதிர்ப்பு, எதற்கு அடங்கும் என்ற கணிப்பு அதில் இருக்கும். கூடவே மாகாண வாரியாக வண்ணம் தீட்டிய வரைபடம். எந்த மாகாணத்தில் எந்த மருந்து ஆட்டம் காண்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். 2021இல் வெளியான தொகுப்பறிக்கையின்படி எட்டு நாடுகளிலிருந்து 9,623 மாதிரிகள் இப்படிப் படிக்கப்பட்டன. இந்தியாவும் வங்கதேசமும் அதில் உண்டு.

முடிவு மாறிய இடங்கள்

வியட்நாமில் அப்போது டிஎச்ஏ–பைப்பராகுவின்தான் முதல்நிலை மருந்தாக இருந்தது. தெற்கே பின் பூக் மாகாணத்தில் அது தோற்பது சிகிச்சை ஆய்வுகளிலிருந்தே தெரிந்திருந்தது. ஆனால் அந்தத் தோல்வி எங்கே நிற்கிறது? அதுவரை பாதிப்பில்லை என்று கருதப்பட்ட மாகாணங்களுக்கும் எதிர்ப்பு வம்சம் ஏறிவிட்டதைச் சுகாதார நிலையங்களின் ரத்தப்பொட்டுகள் காட்டின. ஒவ்வொரு மாகாணத்திலும் தனித்தனியாக 42 நாள் ஆய்வு நடத்தி, தோல்வி 10% தாண்டக் காத்திருந்தால் எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்? பாதிக்கப்பட்ட மாகாணங்களில் வியட்நாம் ஆர்ட்டிசுனேட்–பைரோனாரிடினுக்கு மாறத் தொடங்கியது.

கம்போடியா அதற்கு முன்பே வேறு வழியில் போயிருந்தது, அதிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. மெஃப்ளோகுவின் எதிர்ப்பின் அடையாளம் எம்டிஆர்1 மரபணுவின் நகல் பெருக்கம். பைப்பராகுவின் எதிர்ப்பு கொண்ட ஒட்டுண்ணிகளில் பெரும்பாலும் எம்டிஆர்1 ஒற்றை நகலாகவே இருந்தது. அதாவது ஒருகாலத்தில் கைவிட்ட பழைய மருந்துக்கு இந்த வம்சம் அடங்கும். ‘சூப்பர் மலேரியா’ என்று அஞ்சி ஒதுங்கியிருந்தால் இந்த வாசல் கண்ணில் பட்டிருக்காது. கம்போடியா ஆர்ட்டிசுனேட்–மெஃப்ளோகுவினுக்குத் திரும்பியது. பிற்பாடு தாய்லாந்து, கம்போடியா, வியட்நாமில் நடந்த ஒரு சோதனையில் டிஎச்ஏ–பைப்பராகுவினோடு மெஃப்ளோகுவினையும் சேர்த்து மூன்றாகக் கொடுத்தபோது 98% குணமானது, இரண்டு மட்டும் கொடுத்தவர்களில் 48%.

மெக்கொங் நாடுகளில் உள்ளூரில் தொற்றும் பால்சிபேரம் மலேரியா 2000க்கும் 2020க்கும் இடையே 93% குறைந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதற்கு மரபணுக் கண்காணிப்பு காரணம் என்று சொன்னால் அது மிகை. கொசுவலை, கிராமத் தொண்டர்கள், இலவச ராபிட் டெஸ்ட், தனி ஆர்ட்டிமிசினின் மாத்திரைகளுக்குத் தடை, இவைதான் பெரும் பங்கு. சரியான மாத்திரை அந்தத் தொண்டரின் பையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டதில்தான் மரபணுவின் பங்கு.

தடுமாறும் இடங்கள்

முதலாவது, அடையாளம் தெரிந்த எதிர்ப்பை மட்டுமே இந்த முறை பிடிக்கும். நாளைக்குப் புதிய மரபணு வழியாக எதிர்ப்பு வந்தால் அட்டவணையில் பச்சையாகத்தான் தெரியும். பைரோனாரிடின் விஷயத்தில் இந்தக் கவலை எனக்கு உண்டு. எனவே நோயாளியைப் பின்தொடரும் பழைய முறையை விட்டுவிட முடியாது. ஆனால் நோய் குறையக் குறைய ஒரு ஆய்வுக்குத் தேவையான நோயாளிகள் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. அதனால்தான் சில நாடுகள் இப்போது ஒவ்வொரு நோயாளியையும் வழக்கமான சேவையின் பகுதியாகவே பின்தொடர்கின்றன. எண்ணிக்கை குறையும்போது ஒவ்வொரு ரத்தப்பொட்டுக்கும் மதிப்பு கூடுகிறது. 2012க்குப் பிறகு உள்ளூர் மலேரியா இல்லாமல், 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று பெற்ற இலங்கையில், வரும் ஒவ்வொரு நோயாளியின் ஒட்டுண்ணியும் எங்கிருந்து வந்தது என்பதே முக்கியமான கேள்வி.

அப்புறம், சுகாதார நிலையத்துக்கு வருபவரின் ரத்தம் மட்டுமே தாளில் ஏறும். காட்டுக்குள் வாரக்கணக்கில் மரம் வெட்டுபவர், எல்லை தாண்டிக் கூலிக்குப் போனவர், காய்ச்சலே இல்லாமல் ஒட்டுண்ணியைச் சுமப்பவர், இவர்கள் வரைபடத்தில் இல்லை. பரவலுக்குக் காரணமானவர்கள் இவர்களாகவே இருக்கக்கூடும்.

கெல்1/பிளா1ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது என்பதற்கு லாவோசின் அட்டப்பூ மாகாணம் சாட்சி. 2020–21இல் அங்கே மலேரியா திடீரென்று பெருகியது. தொடர்ந்து வந்த மாதிரிகளைப் படித்தபோது, முன்னணியில் இருந்தது எல்லோரும் எதிர்பார்த்த சி580ஒய் அல்ல, ஆர்539டி கொண்ட ஒட்டுண்ணிகள். அப்போது லாவோசின் முதல்நிலை மருந்து ஆர்ட்டிமெத்தர்–லூமெஃபான்ட்ரின். பைப்பராகுவினின் அழுத்தம் இல்லாத ஊரில் பைப்பராகுவின் எதிர்ப்பால் என்ன லாபம்? ஒட்டுண்ணி அந்தந்த ஊரின் மருந்துக்கு ஏற்றபடி ஆளை மாற்றிக்கொள்கிறது. முன்பிருந்தே மாதிரிகள் வந்துகொண்டிருந்ததால்தான் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு இதைச் சொல்ல முடிந்தது.

ஆப்பிரிக்காவில் இப்போது நடப்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். ருவாண்டாவில் ஆர்561எச், உகாண்டாவில் ஏ675வி, சி469ஒய், எரித்ரியாவில் ஆர்622ஐ. எல்லாம் கெல்ச்13 மாற்றங்கள். இந்த முறை ஆசியாவிலிருந்து வந்தவை அல்ல. ருவாண்டாவின் ஆர்561எச்சைச் சுற்றியுள்ள எழுத்துகளைத் தென்கிழக்கு ஆசிய மாதிரிகளோடு ஒப்பிட்டபோது ஒத்துப்போகவில்லை, அங்கேயே பிறந்தது. எல்லைக் காவல் இதற்கு உதவாது. ருவாண்டாவின் அந்த மாதிரிகள் எடுக்கப்பட்டது 2013க்கும் 2015க்கும் இடையே. முடிவு வெளியானது 2020இல். மெக்கொங்கில் குறைக்க முயன்ற அதே தாமதம் அங்கே ஐந்து ஆண்டுகள்.